மலை முகட்டைத் தாண்டிப் போன டொர்னாடோ

1987 ஜூலை 21. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குத் தெற்கே டீட்டன் காட்டுப்பகுதி இருக்கிறது. ரோடு கிடையாது, ஊர் கிடையாது, மோட்டார் வண்டி எதுவும் உள்ளே போகக் கூடாது என்பது சட்டம். நடந்து போகலாம், குதிரையில் போகலாம், அவ்வளவுதான். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பைனும் ஸ்புரூஸும் ஃபிர்ரும் நெருக்கி வளர்ந்த மலைக்காடு. அந்தக் காட்டுக்குள் அன்று ஒரு டொர்னாடோ இறங்கி, 39.2 கிலோமீட்டர் நீளத்துக்கு மரங்களைச் சாய்த்துக்கொண்டே போய், பூங்காவின் எல்லைக்குள் நுழைந்து ஓய்ந்தது. சேதப் பட்டையின் அகலம் 2.5 கிலோமீட்டர். விழுந்த மரங்கள் சுமார் பத்து லட்சம் என்று கணக்கிட்டார்கள். ஒருவர்கூடச் சாகவில்லை.

டொர்னாடோக்களைப் பற்றி முதன்முதலாகத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு நான் இந்த ஒரு சம்பவத்தைத்தான் சொல்வேன். எப்படி உருவாகிறது, எங்கே வரும், எங்கே வராது, அதன் பலத்தை எப்படி அளக்கிறார்கள் என்று எல்லாக் கேள்விக்கும் இதில் ஒரு பிடி இருக்கிறது. அதிலும் 'எங்கே வராது' என்ற கேள்விக்கு, நம்மில் பலர் மனதில் வைத்திருக்கும் பதிலை இது மொத்தமாகப் புரட்டிப் போட்டுவிட்டது.

முதலில் சொல் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். தமிழில் சூறாவளி என்றால் சிலர் கடலில் உருவாகி நாள்கணக்கில் நகர்ந்து வரும் புயலை நினைப்பார்கள், சிலர் இந்தச் சுழல் தூணை நினைப்பார்கள். இரண்டும் முற்றிலும் வேறு. கடல் புயல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலம் உள்ளது, பல நாள் உயிரோடு இருக்கும், சூடான கடல்நீர்தான் அதற்குத் தீனி. டொர்னாடோ என்பது ஒரே ஒரு இடிமேகத்தின் அடியிலிருந்து தரை வரை இறங்கும் சுழல். பெரும்பாலானவை சில நிமிடங்களில் முடிந்துவிடும், அகலமும் பொதுவாகச் சில நூறு மீட்டருக்குள்தான். ஆனால் அந்தச் சின்ன வட்டத்துக்குள் காற்றின் வேகம் எந்தக் கடல் புயலையும் மிஞ்சிவிடலாம். குழப்பம் வேண்டாம் என்பதற்காக இந்தக் கட்டுரை முழுக்க டொர்னாடோ என்றே எழுதுகிறேன்.

சரி, அது எப்படி உருவாகிறது? தரைக்குப் பக்கத்தில் ஈரமான வெதுவெதுப்பான காற்று, அதற்கு மேலே உலர்ந்த குளிர்ந்த காற்று. கீழே இருப்பது மேலே போனால், அந்த உயரத்தில் சுற்றியிருக்கும் குளிர்ந்த காற்றைவிட லேசாக இருக்கும், அதனால் இன்னும் மேலே போகத் துடிக்கும். ஏதோ ஒன்று அதை முதலில் கொஞ்சம் தூக்கிவிட்டால் போதும், அப்புறம் தானாகவே கிளம்பி 10, 15 கிலோமீட்டர் உயரம் வரை எழும்பி இடிமேகமாகிவிடும். இது சாதாரண இடிமழைக்கே பொருந்தும் கதை. பலமான டொர்னாடோவுக்கு இன்னொன்றும் வேண்டும், தரையில் ஒரு திசையில் ஒரு வேகத்திலும் மேலே போகப் போக வேறு திசையில் இன்னும் கூடுதல் வேகத்திலும் காற்று அடிக்க வேண்டும். இரண்டு உள்ளங்கைக்கு நடுவே ஒரு பென்சிலை வைத்து, மேல் கையை மட்டும் முன்னே தள்ளினால் பென்சில் உருளும் இல்லையா, அதே மாதிரி அந்தக் காற்றடுக்குகளுக்கு நடுவே உள்ள காற்று படுத்த வாக்கில் உருள ஆரம்பிக்கும். அந்த உருளையை மேகத்தின் மேலேறும் காற்று வந்து தூக்கி நிமிர்த்திவிட்டால், இப்போது மேகமே செங்குத்தாகச் சுற்ற ஆரம்பித்துவிடும். இப்படிச் சுற்றும் இடிமேகத்துக்குப் பெயர் சூப்பர்செல், அதற்குள் இருக்கும் சில கிலோமீட்டர் அகலமான சுழற்சிக்குப் பெயர் மீசோசைக்ளோன்.

ஆனால் சுற்றுகிற மேகங்களில் பெரும்பாலானவை டொர்னாடோ போடுவதே இல்லை. கடைசிக் கட்டம் தரைக்குப் பக்கத்தில் நடக்க வேண்டும், மெதுவாகச் சுழலும் அகலமான காற்றை மேகம் மேலே உறிஞ்சி இழுக்க, அது நீண்டு ஒடுங்க, ஒடுங்க ஒடுங்க வேகம் பிடிக்கும். பனிச்சறுக்கில் சுழல்கிறவர் விரித்த கைகளை மார்போடு சேர்த்ததும் விர்ரென்று சுற்றுவது இதே விதிதான். ஏன் ஒரு மேகம் இந்தக் கடைசிக் கட்டத்தைத் தாண்டுகிறது, அச்சு அசலாக அதைப் போலவே இருக்கும் பக்கத்து மேகம் ஏன் தாண்டுவதில்லை என்பது இன்றைக்கும் விஞ்ஞானிகள் மண்டையைக் குடைந்துகொண்டிருக்கும் கேள்வி.

இப்போது மலைக்கு வருவோம். அமெரிக்காவில் டொர்னாடோ என்றாலே கன்சாஸ், ஓக்லஹோமா, டெக்சாஸ் போன்ற சமவெளி மாநிலங்கள்தான் ஞாபகத்துக்கு வரும், அது நியாயமும்கூட. மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஈரக்காற்று தடையே இல்லாமல் அங்கே வந்து சேரும், ராக்கி மலைகளைத் தாண்டி வரும் உலர்ந்த காற்று அதன் மேலே படியும், எல்லாப் பொருளும் ஒரே அடுப்பில் வந்து சேர்ந்துவிடும். ராக்கி மலைத்தொடரின் உள்ளே நிலைமை தலைகீழ். வளைகுடாவின் ஈரம் அங்கே வந்து சேர்வதற்குள் வடிந்துபோகும். 3,000 மீட்டர் உயரத்தில் கோடையிலும் காற்று குளிர்ந்தே இருக்கும். மேடும் பள்ளமுமாக இருப்பதால் தரைக்காற்று ஒரே சீராக மேகத்துக்குள் போய்ச் சேருவதும் கடினம். இவ்வளவும் உண்மையான காரணங்கள்தான், அதனால் மலைக்குள் டொர்னாடோ அபூர்வம், பலமான டொர்னாடோ அதைவிட அபூர்வம்.

அபூர்வம் என்பதற்கும் முடியாது என்பதற்கும் நடுவே இருக்கும் தூரத்தில்தான் அந்த ஜூலை 21 நடந்தது.

அன்று நடந்ததைப் பிறகு ஆராய்ந்து எழுதியவர் டெட்சுயா தியடோர் ஃபுஜிதா என்ற வானிலை விஞ்ஞானி. அவர் ஆய்வு 1989-இல் வெளியானது. முந்தைய இடிமழைகள் கொட்டிய குளிர்ந்த கனமான காற்று தரையோடு பரவி ஒரு எல்லைக்கோட்டை உண்டாக்கியிருந்தது, இன்னொரு பக்கத்திலிருந்து வெப்பக்காற்றின் முகப்பு ஒன்று வந்திருந்தது, இந்த இரண்டு கோடுகளும் வெட்டிக்கொண்ட இடத்தில் மீசோசைக்ளோன் உருவாகியிருக்கிறது என்பது அவர் முடிவு. இப்படிப்பட்ட எல்லைக்கோடுகளில் காற்று மேலே தூக்கப்படும், கூடவே அங்கே ஏற்கெனவே சுழற்சியும் இருக்கும். அதாவது மலை கொடுக்காததை அன்றைய வானிலை தானே தேடிச் சேர்த்துக்கொண்டது. மேகம் விநாடிக்கு 25 மீட்டர், அதாவது மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் நகர்ந்தது. அந்த வேகத்துக்கு 39 கிலோமீட்டர் என்பது அரை மணி நேரத்துக்கும் குறைவு. செயற்கைக்கோள் எடுத்த வெப்பப் படங்களில் மேகத்தின் உச்சி மைனஸ் 60 டிகிரி செல்சியஸுக்கும் கீழே குளிர்ந்திருந்த பரப்பு, டொர்னாடோ தரையில் இருந்த அதே நேரத்தில்தான் உச்சத்தைத் தொட்டிருந்தது. மேகம் எவ்வளவு ஆவேசமாக மேலே பொங்கியிருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

போகிற வழியில் அது கண்டப் பிரிவையும் கடந்தது. வட அமெரிக்காவின் முதுகெலும்பு மாதிரியான முகடு அது, ஒரு பக்கம் விழும் மழை பசிபிக் பெருங்கடலுக்குப் போகும், மறுபக்கம் விழுவது அட்லாண்டிக் பக்கம் போகும். டொர்னாடோ கடந்த இடத்தின் உயரம் 3,070 மீட்டர்! கீழே பள்ளத்தாக்கு, மேலே முகடு, மறுபடி பள்ளத்தாக்கு என்று எதுவும் அதை நிறுத்தவில்லை.

ஃபுஜிதா இதற்கு எஃப்4 என்று தரம் கொடுத்தார். அவர் பெயரில் உள்ள அளவுகோலில் பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை படிகள், எஃப்4 என்றால் மணிக்கு 333 முதல் 418 கிலோமீட்டர் வேகக் காற்று. இங்கேதான் புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும், வரவும் வேண்டும். அங்கே காற்றுமானி இல்லை, பக்கத்தில் ரேடார் இல்லை, இடிந்த வீடு ஒன்றுகூட இல்லை. அப்புறம் எதை வைத்து இந்த எண்ணைச் சொன்னார்?

உண்மையில் டொர்னாடோவின் தரம் நேரடியாக அளந்து சொல்லப்படுவதே இல்லை. அது போன பிறகு, அது உடைத்த பொருள்களைப் பார்த்து, இதை உடைக்க இவ்வளவு வேகம் வேண்டியிருக்கும் என்று பின்னோக்கிக் கணிக்கிறார்கள். நன்றாகக் கட்டிய வீடு அஸ்திவாரத்தோடு பெயர்ந்து போயிருந்தால் ஒரு தரம், ஓடு மட்டும் பறந்திருந்தால் ஒரு தரம். 1971-இல் ஃபுஜிதா கொண்டுவந்த முறை இது. 2007-இல் அமெரிக்கா அதைத் திருத்தி வேகக் கணிப்புகளை மாற்றியது, ஆனால் சேதத்தைப் பார்த்துத் தரம் போடும் அடிப்படை அப்படியேதான் இருக்கிறது. காட்டில் அவருக்குக் கிடைத்தது மரங்கள் மட்டும். விமானத்திலிருந்து எடுத்த வண்ணப் படங்களையும், ஒரே இடத்தை இரண்டு கோணத்தில் எடுத்து ஆழம் தெரியும்படி பார்க்கும் ஜோடிப் படங்களையும் வைத்துக்கொண்டு, மரங்கள் எந்தப் பக்கம் சாய்ந்து கிடக்கின்றன என்று பட்டை முழுக்கப் பார்த்தார்.

அந்தத் திசைகளில்தான் விஷயமே இருக்கிறது. நேராக அடிக்கும் பலத்த காற்று மரங்களை ஒரே பக்கமாகச் சாய்க்கும், சீப்பால் வாரியது போல. டொர்னாடோ அப்படிச் செய்யாது. அது சுழன்றுகொண்டே முன்னேறுகிறது, ஒரு பக்கத்தில் சுழலும் வேகமும் நகரும் வேகமும் சேர்ந்துகொள்ளும், மறு பக்கத்தில் ஒன்றை ஒன்று கழித்துக்கொள்ளும், கூடவே எல்லாக் காற்றும் நடுவை நோக்கி உள்ளே பாயும். அதனால் பாதையின் இரண்டு ஓரத்து மரங்களும் நடுக்கோட்டை நோக்கிக் குவிந்து விழுந்திருக்கும். மூன்றாவது ஒன்றும் உண்டு, மைக்ரோபர்ஸ்ட். மேகத்திலிருந்து ஒரு காற்றுக் கட்டி அப்படியே கீழே விழுந்து தரையில் மோதி நாலா பக்கமும் தெறிக்கும், அப்போது மரங்கள் ஒரு புள்ளியிலிருந்து வெளிப்பக்கமாக, நட்சத்திரக் கதிர்கள் மாதிரி விழுந்து கிடக்கும். குவிந்தால் டொர்னாடோ, விரிந்தால் மைக்ரோபர்ஸ்ட். கேட்க எவ்வளவு எளிமையாக இருக்கிறது பாருங்கள், ஆனால் பத்து லட்சம் மரங்கள் ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடக்கும்போது அதைப் பிரித்துப் பார்க்க எவ்வளவு பொறுமை வேண்டும்! ஃபுஜிதா அந்தச் சேதப் பரப்புக்குள்ளேயே 72 மைக்ரோபர்ஸ்ட் தடங்களையும், சுழி போட்டது போல நான்கு சுழல் அடையாளங்களையும் பிரித்துக் காட்டினார்.

அவருக்கு இந்தக் கண் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாமல் என்னால் தாண்டிப் போக முடியவில்லை. 1945-இல் அவர் ஜப்பானில் கொக்குராவுக்குப் பக்கத்தில் இளம் ஆசிரியராக இருந்தார். இரண்டாவது அணுகுண்டின் முதல் இலக்கு அந்தக் கொக்குராதான், அன்று நகரத்தைக் கண்ணால் பார்க்க முடியாதபடி மேகமும் புகையும் மூடியிருந்ததால் விமானம் நாகசாகிக்குப் போய்விட்டது. பிறகு நாகசாகிக்கும் ஹிரோஷிமாவுக்கும் சேதத்தைப் பார்வையிடப் போனபோது, வெடித்த புள்ளியிலிருந்து எல்லாம் கதிர் கதிராக வெளிப்பக்கம் சாய்ந்து கிடந்ததைப் பார்த்தார். முப்பது வருடம் கழித்து, சிகாகோ பல்கலைக்கழகத்தில் இருந்தபடி, அமெரிக்கக் காடுகளையும் வயல்களையும் மேலிருந்து பார்க்கையில் அதே கதிர் வடிவம் கண்ணில் பட்டது. 1975-இல் நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்தில் 113 பேர் இறந்த விமான விபத்துக்கு இப்படி மேலிருந்து கொட்டிய காற்றே காரணம் என்று அவர் சொன்னபோது சக விஞ்ஞானிகள் பலர் ஏற்கவில்லை, பிறகு கள ஆய்வுகள் அவர் சொன்னதுதான் சரி என்று காட்டின. இன்னொரு ஆச்சரியம், டொர்னாடோவை அவர் முதன்முதலாக நேரில் பார்த்ததே 1982-இல்தான். அதுவரைக்கும் அவருக்குக் கிடைத்ததெல்லாம் அது விட்டுப் போன தடங்கள்தான்.

உயரத்தில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. 3,000 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். ஒரு மரத்தின் மீது காற்று கொடுக்கும் தள்ளுவிசை அடர்த்தியையும் வேகத்தின் இருமடியையும் பொறுத்தது, ஆகவே சமவெளியில் ஒரு மரத்தைச் சாய்க்கும் அதே விசை இங்கே கிடைக்க வேண்டுமென்றால் காற்று ஏறக்குறைய 16 சதவீதம் கூடுதல் வேகத்தில் அடிக்க வேண்டும். மெல்லிய காற்றை வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய காட்டைப் படுக்க வைத்திருக்கிறது என்பதை இப்படிக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் அதன் கனம் புரியும்.

மலை தடுக்கும், ஆறு தடுக்கும், இரண்டு நதி கூடும் இடத்துக்கு வராது என்றெல்லாம் நம்பிக்கைகள் பல ஊர்களில் இருக்கின்றன. கன்சாஸின் டொபீகா நகருக்குத் தென்மேற்கே பர்னெட்ஸ் மவுண்ட் என்று ஒரு குன்று உண்டு, அது நகரத்தைக் காக்கும் என்று அங்குள்ளவர்கள் தலைமுறை தலைமுறையாக நம்பினார்கள். 1966 ஜூன் 8 அன்று ஒரு எஃப்5 டொர்னாடோ அந்தக் குன்றின் மேலேயே ஏறி இறங்கி நகரத்துக்குள் புகுந்தது. மலைகள் சூழ்ந்த சால்ட் லேக் சிட்டியில் 1999 ஆகஸ்ட் 11 அன்று நகரின் நடுப்பகுதியிலேயே ஒன்று வந்து ஒருவர் உயிரிழந்தார். இந்த நம்பிக்கைகளின் அடியில் ஒரு தவறான படம் இருக்கிறது என்று நினைக்கிறேன், டொர்னாடோ பந்து மாதிரி தரையில் உருண்டு வருகிறது, ஒரு மேடு வந்தால் முட்டி நின்றுவிடும் என்ற படம். அது தரையில் உருளும் பொருள் இல்லை. அதன் வேர் மேலே இருக்கிறது, 10 கிலோமீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் ஒரு மேகத்திலிருந்து தொங்கிக்கொண்டு வருகிறது. அந்த மேகத்துக்குக் கீழே ஒரு குன்று என்ன பெரிய தடை? தரையின் மேடு பள்ளம் சுழலின் அடிப்பகுதியைக் கொஞ்சம் மாற்றலாம், பலப்படுத்தவும் செய்யலாம், பலவீனமாக்கவும் செய்யலாம், ஆனால் சுவராக நின்று தடுக்காது.

டீட்டன் காடு விழுந்த பத்தாவது நாள், ஜூலை 31, கனடாவின் எட்மன்டன் நகரத்தில் இன்னொரு எஃப்4 இறங்கியது. 53 டிகிரி வட அட்சரேகை, அங்கேயும் இவ்வளவு பலமான ஒன்றை யாரும் எதிர்பார்க்கவில்லை. கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் தரையில் இருந்தது. 27 பேர் இறந்தார்கள், முந்நூறுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள், இறந்தவர்களில் பாதிக்கு மேல் ஒரே ஒரு நடமாடும் வீட்டுக் குடியிருப்பில் இருந்தவர்கள். அதற்குப் பிறகுதான் ஆல்பர்ட்டா மாநிலம் பொதுமக்களுக்கான அவசர எச்சரிக்கை முறை ஒன்றை அமைத்தது. இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது எனக்கு மனசு கனத்துப் போகிறது. ஒரே மாதம், ஒரே தரம், இரண்டுமே 'இங்கெல்லாம் வராது' என்று நினைத்த இடங்கள், ஒன்றில் மரங்கள் மட்டும் இருந்தன, இன்னொன்றில் குடும்பங்கள் இருந்தன.

அப்படியென்றால் 'எதிர்பாராத இடம்' என்பதில் இரண்டு அர்த்தம் கலந்து கிடக்கிறது. அங்கே வானிலை உண்மையிலேயே ஒத்துழைக்காமல் இருப்பது ஒன்று. அங்கே பார்த்துச் சொல்ல ஆளே இல்லாதது இன்னொன்று. ஓக்லஹோமாவில் சின்னதாக ஒரு சுழல் இறங்கினாலும் பத்துப் பேர் படம் எடுத்துவிடுவார்கள், ராக்கி மலையின் உட்காட்டில் ஒன்று இறங்கி நான்கு மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனால் அது எந்தப் பட்டியலிலும் ஏறாது. 2004 ஜூலையில் கலிஃபோர்னியாவின் செக்வோயா தேசியப் பூங்காவில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,700 மீட்டர் உயரத்தில் ஒரு டொர்னாடோ பதிவானது, மலையேறப் போன ஒருவர் அந்த நேரத்தில் அங்கே நின்று படம் எடுத்ததால் மட்டும். அவர் வேறு பாதையில் போயிருந்தால்?

டீட்டனின் தடம்கூட நெடுநாள் அப்படியே இருக்கவில்லை. அடுத்த வருடமே, 1988 கோடையில், யெல்லோஸ்டோன் சுற்றுவட்டாரத்தைப் பெரும் காட்டுத்தீ எரித்தது. விழுந்து ஒரு வருடமாகக் காய்ந்துகொண்டிருந்த மரங்களில் ஒரு பகுதியும் அந்தத் தீயில் போனது. ஃபுஜிதா முந்தின வருடமே அதைப் படமெடுத்து ஆராயாமல் விட்டிருந்தால் அந்தப் பகுதியில் எந்த மரம் எந்தப் பக்கம் விழுந்தது என்று இனி யாராலும் சொல்லியிருக்க முடியாது.

இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. ரஷ்யாவின் வட ஐரோப்பியப் பகுதிக் காடுகளைச் செயற்கைக்கோள் படங்களில் தேடிய ஆய்வாளர்கள், அதற்கு முன் யாருமே பதிவு செய்யாத டொர்னாடோத் தடங்களை நூற்றுக்கணக்கில் இல்லாவிட்டாலும் நூறை ஒட்டிக் கண்டெடுத்தார்கள். கனடாவில் 2017-இல் தொடங்கிய வடக்கு டொர்னாடோ திட்டம் இதையே முழுநேர வேலையாகச் செய்கிறது. இடிமழைக் காலம் முடிந்ததும் ஆளில்லாத காடுகளின் செயற்கைக்கோள் படங்களை முந்தைய படங்களோடு வைத்துப் பார்க்கிறார்கள், பச்சைக்கு நடுவே புதிதாக ஒரு கீறல் தெரிகிறதா என்று. தெரிந்தால் விமானமோ ட்ரோனோ போகிறது, நெருக்கத்தில் படம் எடுக்கிறது. அப்புறம் ஒருவர் உட்கார்ந்து, ஃபுஜிதா செய்தது போலவே, ஒவ்வொரு மரமும் எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது என்று பார்க்க ஆரம்பிக்கிறார்.